நடுவில் மூன்று புளியமரம்

பெரியப்பாவின் லாரியில் நான் முதன்முதலாக ஏறி உட்கார்ந்தது 1981 கோடை விடுமுறையில். எனக்கு ஒன்பது வயது. கல்லக்குடியில் சிமெண்ட் ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போகிற வண்டி; 200 மூட்டை, 10 டன். மூக்கு நீண்ட டாடா லாரி, பலகை அடித்த கேபின், இடது ஜன்னலோரம் கிளீனர் அண்ணன், நடுவில் நான். உளுந்தூர்பேட்டைக்கு முன்னால் ஓரிடத்தில் வைக்கோல் பாரம் ஏற்றிய லாரி ஒன்று எங்களுக்கு முன்னே அசைந்து அசைந்து போய்க்கொண்டிருந்தது. பெரியப்பா அதை நெருங்கவே இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

“கிட்டப் போய் முந்திரலாம்ல பெரியப்பா?”

“நடுவுல மூணு புளியமரம் இருக்கணும்டா தம்பி. அவன் பிரேக்கு போட்டது என் கண்ணுல பட்டு, நான் கால எடுத்து பிரேக்குல வைக்கிறதுக்குள்ள ஒரு மரம் போயிரும். மிச்சம் இருக்கிற ரெண்டு மரத்துக்குள்ள இந்தப் பத்து டன்ன நிறுத்தணும்.”

அதற்குப் பிறகு வழியெல்லாம் மரம் எண்ணிக்கொண்டே வந்தேன். சில நேரம் நான்கு மரம் இருந்தது, சில நேரம் இரண்டாகக் குறைந்தது. குறைந்தால் அவர் பிரேக் போடமாட்டார். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை லேசாக எடுப்பார், இஞ்சின் சத்தம் தணியும், மூன்றாவது மரம் திரும்பி வந்துவிடும். மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் படித்தபோது இதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தேன். லோடு வண்டியின் வேகம் மணிக்கு 45 கிலோமீட்டர் என்றால் ஒரு நொடிக்கு 12.5 மீட்டர். அந்தச் சாலையில் ஏறக்குறைய 12 மீட்டருக்கு ஒரு புளியமரம். அவருடைய மூன்று மரம், மூன்று நொடி. உலகம் முழுக்க ஓட்டுநர் பயிற்சிப் புத்தகங்களில் இரண்டு நொடி, மூன்று நொடி என்று எழுதி வைத்திருப்பதை, எட்டாம் வகுப்போடு நின்ற அவர் மரத்தால் அளந்து வைத்திருந்தார்.

அன்றைய ஜி.எஸ்.டி. ரோட்டை இன்றைக்குப் பிறந்த பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைப்பது சிரமம். சென்னையிலிருந்து தாம்பரம், செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம் வழியாகத் திருச்சிக்குப் போகிற சாலை. தேசிய நெடுஞ்சாலை 45 என்று அதற்குப் பெயர். பெரிய பெயர்தான், ஆனால் அகலம் இரண்டு வண்டி விலகிக்கொள்கிற அளவு. பல இடங்களில் அதுவும் கிடையாது; எதிரே ஒரு பஸ் வந்தால் இருவரும் இடப்பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்க வேண்டும். பாரம் ஏற்றிய வண்டிக்குத் தார், காலி வண்டி மண்ணில் இறங்கும் என்பது பெரியப்பாவும் அவர் கூட்டாளிகளும் கடைப்பிடித்த வழக்கம். பாரத்தோடு இறங்கிய வண்டி மறுபடி தாரில் ஏறும்போது பாரம் சாயும், ஸ்பிரிங் பட்டை முறியும். அந்தக் கஷ்டம் தெரிந்தவர்கள் அந்தக் கஷ்டத்தை அடுத்தவருக்குக் கொடுக்கவில்லை. இரண்டு பக்கமும் புளியமரங்கள் கூரை வேய்ந்த மாதிரி. அடிமரத்தில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்திருக்கும். இரவில் அந்த வெள்ளைப் பட்டைதான் சாலையின் விளிம்பைக் காட்டும்.

அந்தச் சாலையில் ஒருவரைக் கடக்க வேண்டுமானால் கேட்டுத்தான் கடக்க வேண்டும். ‘சைடு கேக்குறது’, ‘சைடு குடுக்குறது’ என்பார்கள். முன்னால் போகிற லாரி சாலையை அடைத்துக்கொண்டு போகும். அதன் பாரத்துக்கு அப்பால் என்ன வருகிறது என்று பின்னால் இருப்பவருக்குத் தெரியாது. எனவே நீளமாக ஒரு ஹாரன். முன் லாரியின் கிளீனர் ஜன்னல் வழியே இடுப்பு வரை வெளியே வந்து முன்னும் பின்னும் பார்ப்பார். உள்ளங்கையை நிமிர்த்திக் காட்டினால் ‘இரு, எதிரே வண்டி வருது’. கையைப் பின்னாலிருந்து முன்னால் வீசினால் ‘வா’. நம் கண்ணுக்குத் தெரியாத சாலையை இன்னொருவரின் கண்ணை நம்பிக் கடந்தோம். கடந்து முடித்ததும் இரண்டு சின்ன ஹாரன், நன்றி என்று பொருள். பதிலுக்கு அவரும் ஒரு ஹாரன் அடிப்பார். எங்கள் கிளீனர் அண்ணன் அன்றைக்கு எல்லாம் சேர்த்து எத்தனை முறை கை வீசினாரோ, சென்னை போய்ச் சேர்ந்தபோது தோள் வலிக்கிறது என்று சொன்னது நினைவிருக்கிறது.

இரவில் பேச்சு விளக்கால் நடந்தது. அப்போதெல்லாம் முன்விளக்குக் கண்ணாடியின் மேற்பாதியில் கறுப்பு பெயிண்ட் அடித்திருப்பார்கள், எதிரே வருகிறவர் கண் கூசாமலிருக்க. அதற்கு மேலும் எதிரே வெளிச்சம் தெரிந்தால் டிம் செய்வார்கள். நாம் டிம் செய்தும் அவர் செய்யவில்லையென்றால் ஒருமுறை பிரைட் போட்டு ஞாபகப்படுத்துவார்கள். அவர் டிம் செய்ததும் இவரும் மீண்டும் டிம். ஏர் பிரேக் வந்த புதிதில் லாரிகளின் முதுகில் ‘ஏர் பிரேக்’ என்று எழுதி வைத்தார்கள். ‘நான் சட்டென்று நின்றுவிடுவேன், உன்னால் முடியாது, தள்ளி வா’ என்று பின்னால் வருகிறவருக்குச் சொன்ன எச்சரிக்கை அது.

இதை எழுதும்போது பழையதெல்லாம் பொன் என்று நினைத்துவிடக் கூடாது என்ற பயம் எனக்கு இருக்கிறது. அந்தச் சாலை கொடூரமான சாலை. நடுவில் தடுப்பு இல்லாததால் ஒவ்வொரு முந்தலும் எதிர்த்திசையில் ஏறித்தான். ஒரு கணக்குத் தப்பினால் நேருக்கு நேர். கிளீனரின் கையை நம்பிப் போய்ச் செத்தவர்களும் உண்டு. வலது இண்டிகேட்டருக்கு ‘ஏறி வா’ என்றும் பொருள் இருந்தது, ‘வலப்பக்கம் திரும்பப் போகிறேன்’ என்றும் பொருள் இருந்தது. இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள் எத்தனை பேரோ. வண்டி பழுதாகி நின்றால் சுற்றிலும் கருங்கல்லை வைத்துவிட்டு, சரியானதும் கல்லை அப்படியே போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இருட்டில் அந்தக் கல்லில் ஏறி ஸ்கூட்டர்காரர் விழுவார். அடிபட்டவரை எடுத்துப் போக அடுத்து வருகிற வண்டிக்காரரின் இரக்கம் ஒன்றுதான் இருந்தது. தமிழ்நாட்டுக்கு 108 ஆம்புலன்ஸ் வந்ததே 2008 செப்டம்பரில்தான்.

ஆகவே சாலையை அகலப்படுத்தியது நல்ல காரியம். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. 2000-க்குப் பிந்தைய பத்தாண்டுகளில் இந்தச் சாலை பகுதி பகுதியாக நான்கு வழிச்சாலையானது. புளியமரங்கள் வெட்டப்பட்டன. நடுவில் மீடியன் வந்தது, அதில் அரளி வைத்தார்கள். பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம் என்று சுங்கச்சாவடிகள் முளைத்தன. 2010-இல் தேசிய நெடுஞ்சாலைகளுக்கெல்லாம் எண் மாற்றியபோது 45 என்ற எண்ணும் போய், இதே சாலை துண்டு துண்டாக 32, 132, 38 என்று ஆனது. எங்கள் வாயில் இன்னும் ஜி.எஸ்.டி. ரோடுதான். திருவள்ளுவர் பஸ் 1997-இல் அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகமாகி, பிராட்வேயிலிருந்து கோயம்பேட்டுக்கும், 2023 கடைசியில் கிளாம்பாக்கத்துக்கும் இடம் மாறியது. சென்னையிலிருந்து திருச்சிக்கு எட்டு, ஒன்பது மணி நேரம் போன பயணம் ஐந்தரை மணி நேரமாகச் சுருங்கியது.

மீடியன் எதிரே வருகிறவரைப் பிரித்துவிட்டது. அவரோடு இருந்த பேச்சுவார்த்தையும் அதோடு முடிந்தது. முந்துவதற்கு இப்போது யாரையும் கேட்க வேண்டியதில்லை. இன்னொரு தடம் இருக்கிறது. லாரிகளில் கிளீனர்கள் குறைந்துவிட்டார்கள். கார்க் கண்ணாடிகள் ஏ.சி.க்காக ஏற்றியே இருக்கின்றன. நேருக்கு நேர் வந்துகொண்டிருந்த சாவு இப்போது பின்னாலிருந்து வருகிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 அறிக்கைப்படி, நாட்டில் நடந்த சாலை விபத்துகளில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் பின்னாலிருந்து மோதியவை. மோதல் வகைகளில் அதுதான் முதலிடம். அந்த ஆண்டு இந்தியாவில் சாலையில் இறந்தவர்கள் 1,68,491 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் முதல் மாநிலம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள்.

போன வருடம் தை மாதம், பொங்கல் முடிந்து இரண்டு நாள் கழித்து, திருச்சிக்குக் காரில் போய்க்கொண்டிருந்தேன். மனைவி பக்கத்தில், பின் இருக்கையில் மகளும் அவள் குழந்தையும். இரவு எட்டு மணி. மேல்மருவத்தூர் தாண்டிவிட்டோம். வலது தடத்தில் ஒரு அரசு பஸ்ஸுக்குப் பின்னால், 90-இல், எழுபது எண்பது மீட்டர் விட்டுப் போகிறேன். என் உள்கண்ணாடி திடீரென்று வெள்ளையாகிவிட்டது. பின்னால் ஒரு பெரிய கார். முதலில் அதன் முன்விளக்கு தெரிந்தது. பிறகு விளக்கு இறங்கி என் டிக்கிக்குக் கீழே மறைந்து, அதன் கண்ணாடியும் கூரையும் மட்டும் தெரிந்தன. அவ்வளவு நெருக்கம். விட்டு விட்டு பிரைட் அடிக்கிறார். இடப்பக்கம் ஒதுங்கலாமென்றால் அங்கே வரிசையாக லாரிகள். பின் இருக்கையில் பேத்தியின் முகம் அந்த வெளிச்சத்தில் தெரிகிறது, கண்ணைக் கையால் மறைத்துக்கொள்கிறாள்.

ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவே கொஞ்சம் இடம் கிடைத்ததும் அந்தக் கார் இடது தடத்தில் பாய்ந்து, என்னைக் கடந்து, பஸ்ஸுக்கும் எனக்கும் நடுவே நான் விட்டிருந்த இடத்துக்குள் நுழைந்தது. நுழைந்த வேகத்தில் பஸ்ஸை முட்டாமலிருக்க பிரேக் அடித்தது. சிவப்பு விளக்கு என் முகத்துக்கு நேரே. நானும் மிதித்தேன். எனக்குப் பின்னால் வந்தவர் மிதித்த டயர் சத்தம் எங்கள் காருக்குள் கேட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆத்தூர் சுங்கச்சாவடியில் அந்தக் கார் எனக்கு இரண்டு வண்டி முன்னால் நின்றுகொண்டிருந்தது.

நான் விட்ட இடத்தை அவர் காலி மனை என்று நினைத்தார். அது அவருக்காக அல்ல, பஸ்ஸுக்குள் இருந்தவர்களுக்கும் என் காரில் இருந்தவர்களுக்கும் நடுவே நான் வைத்திருந்த பாதுகாப்பு. அந்த ஒரு விநாடியில் பறிபோனது அதுதான்.

இன்றைய வேகத்தில் பெரியப்பாவின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் என்றால் ஒரு நொடிக்கு 28 மீட்டர். மூன்று நொடிக்கு 83 மீட்டர். ஏழு அரசு பஸ்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தக்கூடிய நீளம். கேட்டால் அதிகமாகத் தெரிகிறது. ஆனால் கண்டு, மனத்தில் பட்டு, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்று வைத்துக்கொண்டால் அதற்குள்ளேயே கார் 42 மீட்டர் போய்விடும். அதற்குப் பிறகு காய்ந்த தார்ச்சாலையில், நல்ல டயரோடு, முழு பலத்தோடு மிதித்தாலும் நிற்க ஐம்பத்தைந்து மீட்டராவது வேண்டும். மொத்தம் கிட்டத்தட்ட 100 மீட்டர். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தூரம் நான்கு மடங்காகும் என்பது மாறாத விதி. 50-இல் 14 மீட்டரில் நின்ற கார் 100-இல் 56 மீட்டர் கேட்கும். மழை பெய்தால் இந்தக் கணக்கெல்லாம் இன்னும் நீளும். மார்கழிப் பனிமூட்டத்தில் முன்னால் இருப்பது தெரிகிற தூரமே நிற்கத் தேவையான தூரத்தைவிடக் குறைவு.

“முன்னால் போகிறவரும் சட்டென்று நின்றுவிட மாட்டாரே, அவர் நிற்பதற்கும் தூரம் வேண்டுமே, 20 மீட்டர் போதாதா?” என்று படித்த நண்பர்களே கேட்டிருக்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பிரேக் போட்டால் அது சரி. நெடுஞ்சாலையில் நடப்பது வேறு. டெயில் விளக்கு எரியாமல் ஒரு லாரி நின்றுகொண்டிருக்கிறது. முன்னால் போன கார் கடைசி நொடியில் அதைப் பார்த்து சடாரென்று விலகிப் போய்விடுகிறது. அதுவரை அந்தக் கார் மறைத்திருந்த லாரி இப்போது நம் முன்னால் நிற்கிறது. நமக்கு இருப்பது அந்த 20 மீட்டர்தான், முக்கால் நொடி. அல்லது முன் கார் அந்த லாரியில் மோதி அங்கேயே நின்றுவிடுகிறது. அப்போது அது 50 மீட்டர் எடுத்துக்கொண்டு நிற்கவில்லை.

காரின் தரம் உயர்ந்தது இந்த விஷயத்தில் நம்மை ஏமாற்றியிருக்கிறது. அன்றைய அம்பாசடர் காரை 80-க்கு மேல் விரட்டினால் கதவு ஆடும், ஸ்டீயரிங் கையில் உதறும். வேகம் உடம்புக்குத் தெரிந்தது. இன்றைய கார் 120-இல் போனாலும் உள்ளே பாட்டுக் கேட்கலாம். 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதுக் கார்களுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம். ரொம்ப நல்லது. ஆனால் ஏ.பி.எஸ். சக்கரத்தை இறுகிப்போகாமல் காத்து, மிதித்த நிலையிலும் ஸ்டீயரிங் திருப்ப உதவும். நம் கண்ணுக்கும் காலுக்கும் நடுவே போகிற நேரத்தை அது குறைக்காது. அந்த நேரம் 1981-இலும் அதே, இன்றும் அதே. கையில் செல்போன் இருந்தால் இன்று கூடுதல்.

சட்டத்துக்கு இதெல்லாம் தெரியும். 1989-ஆம் ஆண்டு சாலை விதிகளின் 23-ஆம் விதி, முன்னால் போகிற வண்டி திடீரென்று வேகம் குறைத்தாலோ நின்றாலோ மோதாமலிருக்கப் போதிய இடைவெளி விட வேண்டும் என்று சொன்னது. ‘போதிய’ என்றால் எவ்வளவு என்று விதியில் இல்லை. 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் அதற்கு அளவு சொன்னது. லாரிக்குப் பின்னால் 10, 15 அடி தூரத்தில் போன கார் அதில் மோதியது. லாரி திடீரென்று நின்றதுதான் தவறு என்று கார்த் தரப்பு வாதாடியது. அவ்வளவு நெருக்கமாகப் போனவர் மீதுதான் தவறு என்றது நீதிமன்றம். சாதாரண நிலையில் குறைந்தது இரண்டு, மூன்று நொடி இடைவெளி வேண்டும் என்றும் சொன்னது. பெரியப்பாவின் மூன்று மரம் தீர்ப்பாகவே எழுதப்பட்ட மாதிரி எனக்கு இருந்தது.

இன்னொரு தீர்ப்பு நம் ஊர் விபத்தைப் பற்றியது. 2017 ஜனவரியில் கோயம்புத்தூரில் ஒரு கார் நெடுஞ்சாலையில் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் பிரேக் போட்டு நின்றது. கர்ப்பிணி மனைவிக்குக் குமட்டல் வந்தது என்பது காரை ஓட்டியவர் சொன்ன காரணம். பின்னால் பைக்கில் வந்த பொறியியல் மாணவர் காரில் மோதி விழுந்தார். அவர் மீது பஸ் ஏறியது. இடது காலை எடுக்க வேண்டியதாயிற்று. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பொறுப்பைப் பிரித்தது: காரை நிறுத்தியவருக்கு 50 சதவீதம், பஸ்ஸுக்கு 30, போதிய இடைவெளி விடாமலும் லைசென்ஸ் இல்லாமலும் வந்த மாணவருக்கு 20. மூன்று பேரும் கொஞ்சம் கொஞ்சம் மறந்தார்கள், போனது ஒருவர் கால். முன்னால் போகிறவருக்கும் கடமை உண்டு என்று அந்தத் தீர்ப்பு சொல்வதை நான் முக்கியமாக நினைக்கிறேன். நிற்க வேண்டுமானால் இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடியில் பார்த்து, ஓரத்துக்குப் போய் நிற்க வேண்டும். பின்னால் ஒருவர் வருகிறார் என்ற நினைப்பு எப்போதும் இருக்க வேண்டும்.

“இடம் விட்டா எவனாவது புகுந்துடுறான் சார், அப்புறம் நாம பின்னாலேயே போய்க்கிட்டிருக்க வேண்டியதுதான்.” எந்த டிரைவரிடம் பேசினாலும் வருகிற பதில் இது. உண்மைதான், புகுவார்கள். ஒருவர் புகுந்தால் அவருக்கு மறுபடி மூன்று நொடி விட வேண்டும். நமக்கு நஷ்டம் அந்த மூன்று நொடி. திருச்சி போய்ச் சேர்வதற்குள் 50 பேர் புகுந்தாலும் இரண்டரை நிமிஷம். விக்கிரவாண்டியில் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் பாதிகூட இல்லை.

அந்த இரண்டரை நிமிஷத்தைக் கொடுக்காமல் எல்லாரும் ஒட்டிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்பதை ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள். 2008-இல் வெளியான அந்தச் சோதனையில் 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டத்தில் 22 கார்களை விட்டு, 30 கிலோமீட்டர் வேகத்தில் சீராகச் சுற்றச் சொன்னார்கள். சிக்னல் இல்லை, விபத்து இல்லை, பள்ளம் இல்லை. கொஞ்ச நேரத்தில் ஒருவர் லேசாக வேகம் குறைக்க, பின்னவர் சற்று அதிகம் குறைக்க, அவருக்குப் பின்னவர் நின்றேவிட்டார். அந்த நிற்றல் ஓர் அலைபோலப் பின்னோக்கி நகர்ந்தது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கூடுவாஞ்சேரியிலிருந்து செங்கல்பட்டு வரை வண்டிகள் காரணமே தெரியாமல் நின்று நின்று நகர்கின்றனவே, முன்னால் போய்ப் பார்த்தால் ஒன்றுமே இருக்காது. நடுவில் நாலு பேர் மூன்று நொடி விட்டுப் போனால், முன்னாலிருந்து வருகிற அந்த அதிர்ச்சி அவர்களிடமே அடங்கிவிடும். பின்னால் வருகிற நூறு பேர் பிரேக்கைத் தொட வேண்டியிருக்காது.

தடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேகம் குறைந்த வண்டி இடப்பக்கம், வலப்பக்கம் முந்துவதற்கு மட்டும் என்பது விதி. இங்கே பாரம் ஏற்றிய லாரி மீடியனை ஒட்டி வலப்பக்கத்தில் போகிறது, கார்கள் இடப்பக்கமாகப் புகுந்து முந்துகின்றன. லாரிக்காரரை மட்டும் திட்டி முடித்துக்கொள்வது நியாயமில்லை. இடது தடத்தில் எதிர்த்திசையில் பைக் வருகிறது, ஷேர் ஆட்டோ ஆள் ஏற்றுகிறது, ஊர்ப் பிரிவுகளில் டிராக்டர் திடீரென்று ஏறுகிறது. 10 டன்னை அந்தத் தடத்தில் ஓட்டுவது அவருக்குப் பயம். ஊர்ச் சாலைகளில் இறங்குவதற்குச் சர்வீஸ் ரோடு தொடர்ச்சியாக இருந்தால் இதில் பாதி தீரும். அதைச் செய்ய வேண்டியது அரசு. இருசக்கர வண்டியில் போகிறவருக்குப் பின்னால் மட்டும், காருக்கு விடுவதைவிட அதிகம் விடுங்கள் என்று கையெடுத்துக் கேட்கத் தோன்றுகிறது. அவர் சட்டென்று பிரேக் அடித்தால் நிற்பதற்குப் பதில் விழக்கூடும். 2022-இல் நாட்டில் சாலையில் இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேர் அவர்கள்தான்.

2014-இல் பெரியப்பாவை ஒரு கண் ஆபரேஷனுக்காகத் திருச்சியிலிருந்து சென்னைக்கு என் காரில் கூட்டி வந்தேன். அவருக்கு எழுபதைத் தாண்டியிருந்தது. லாரியை விட்டு இருபது வருடமாகியிருந்தது. முன் இருக்கையில் கையைக் கைப்பிடியில் வைத்தபடி, பெரம்பலூர் வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு, “ரோடு தங்கம் மாதிரி இருக்குடா தம்பி” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “ஏன்டா, ஒருத்தனும் ஒருத்தனைக் கேக்க மாட்டேங்கிறானே?” என்றார்.

கேட்பதற்கு வழி இல்லாமல் போகவில்லை. பெரியப்பா காலத்துக் கை போய்விட்டாலும் விளக்கு இருக்கிறது. முன்னால் வண்டிகள் திடீரென்று நிற்பதைப் பார்த்தவுடன் இப்போது சிலர் நான்கு இண்டிகேட்டரையும் ஒன்றாகப் போடுகிறார்கள். பின்னால் வருகிறவருக்கு ‘முன்னால் நின்றுவிட்டது, மெதுவா வா’ என்று சொல்கிறார்கள். சமயபுரம் பக்கம் ஓர் ஆம்னி பஸ் டிரைவர் எனக்கு அப்படிச் சொன்னார், அவரால் அன்று தப்பித்தேன். தடம் மாறும்போது மூன்று முறை மின்னிவிட்டு மாறுகிற டாக்சிக்காரர்களையும் பார்க்கிறேன். மீடியன் இருந்தாலும் எதிர்ப்பக்கத்து வெளிச்சம் அரளி இடைவெளியில் அடிக்கும்போது டிம் செய்கிற லாரிக்காரர்கள், பெரும்பாலும் வயதானவர்கள், இன்னும் இருக்கிறார்கள்.

அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் இலவசச் சிகிச்சை தருகிற ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது இதே சாலையோரம், மேல்மருவத்தூர் ஆஸ்பத்திரியில். எத்தனையோ குடும்பங்களுக்கு அது கை கொடுத்திருக்கிறது. அந்த ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும்போதெல்லாம் நான் கண்ணாடியில் ஒருமுறை பின்னால் பார்த்துவிட்டு, முன்னால் போகிற வண்டிக்கும் எனக்கும் நடுவே எண்ணிப் பார்க்கிறேன்.

எண்ண மரம் இல்லை. விளக்குக் கம்பம் இருக்கிறது, கிலோமீட்டர் கல் இருக்கிறது, மேம்பாலத்தின் நிழல் இருக்கிறது. முன்னால் போகிற வண்டியின் பின்பக்கம் அதைத் தாண்டுகிற நொடியில் ‘ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று’ என்று நிதானமாகச் சொல்லுங்கள். சொல்லி முடிப்பதற்குள் நீங்களும் அதைத் தாண்டிவிட்டால் காலைக் கொஞ்சம் எடுங்கள். மழையென்றால் ஆறு வரை எண்ணுங்கள். அடுத்த பொங்கலுக்குத் தெற்கே போகிறவர்கள் பரனூர் தாண்டியதும் ஒருமுறை செய்து பாருங்கள், பின் இருக்கையில் இருக்கிற பிள்ளைகளையும் கூடவே எண்ணச் சொல்லுங்கள்.